பால்டிக் கரையின் வெள்ளை வீடுகள் யாருடையவை?

ஒரு நாட்டின் வரலாற்றை அறிய விரும்புபவர்கள் அதன் அரண்மனைகளையும் போர்க்களங்களையும் தேடிச் செல்வதே வழக்கம். மக்கள் ஓய்வெடுக்கச் சென்ற இடங்களை வரலாற்றின் களங்களாக நாம் எண்ணுவதில்லை. ஜேர்மனியின் வடகிழக்குக் கோடியில், பால்டிக் கடலோரமாக அமைந்திருக்கும் ஊஸெடொம் தீவின் விடுமுறை வீடுகளைப் பற்றி வாசித்தும், ஒரு தடவை நேரில் சென்று அவற்றின் முன்னால் நடந்து பார்த்தும் நான் அறிந்துகொண்டது அதற்கு மாறானதாகும். கடந்த இருநூறு வருடகால ஜேர்மன் வரலாற்றின் பெரிய திருப்பங்கள் அனைத்தும் அந்த வீடுகளின் வாசற்படியேறி உள்ளே வந்திருக்கின்றன.

பதினெட்டாம் நூற்றாண்டு வரையில் ஐரோப்பியருக்குக் கடல் என்பது அஞ்சி விலகவேண்டிய ஒன்றாகவே இருந்தது. மீனவர்களும் மாலுமிகளும் வேறு வழியின்றி அதனுடன் வாழ்ந்தார்கள். கடல்நீரில் குளிப்பது உடலுக்கு நல்லது என்று ஆங்கில மருத்துவர்கள் கூறத்தொடங்கிய பின்னர்தான் செல்வந்தரின் பார்வை கரையை நோக்கித் திரும்பியது. ஜேர்மனியில் அந்த வழக்கத்தைத் தொடக்கிவைத்தவர் மெக்லன்பேர்க் சிற்றரசின் ஆட்சியாளரான முதலாம் பிரீட்ரிக் பிரான்ஸ். சாமுவேல் கொட்லீப் ஃபோகல் என்ற மருத்துவரின் ஆலோசனைப்படி அவர் 1793ஆம் ஆண்டில் ஹைலிகென்டாமில் நாட்டின் முதலாவது கடற்குளியல் நகரை நிறுவினார். கடலோரத்து வெள்ளை நகரம் என்று இன்றும் பெயர்பெற்றுள்ள அந்த இடத்தில்தான் 2007ஆம் ஆண்டில் ஜி-8 நாடுகளின் தலைவர்கள் கூடினார்கள்.

ஊஸெடொம் தீவின் கதை சற்றுப் பிந்தியது. 1820ஆம் ஆண்டில் பிரஷ்யாவின் மன்னர் தமது புதல்வருடன் அங்கு சென்றபோது, கரையில் மீனவர்கள் ஹெரிங் மீனை உப்பிட்டுப் பீப்பாய்களில் அடைத்துக்கொண்டிருந்தார்களாம். பெயரில்லாத அந்தக் குடியேற்றத்துக்கு ஒரு பெயர் சூட்டுமாறு காணிச் சொந்தக்காரர் கேட்க, பட்டத்து இளவரசர் 'ஹெரிங்ஸ்டோர்ஃப்', அதாவது ஹெரிங் மீன் கிராமம், என்று பெயரிட்டார் என்பது வழிவழியாகச் சொல்லப்பட்டுவரும் கதை. மீன் நாற்றம் வீசும் பெயரைக் கொண்ட ஓர் ஊர் சில தசாப்தங்களில் வங்கியாளர்களினதும் பிரபுக்களினதும் கோடைகால வாசஸ்தலமாக மாறியது விந்தையே.

அந்த மாற்றத்தின் பின்னால் இருந்தது பணமும் புகையிரதமும்தான். 1870இல் டொய்ச்ச வங்கியை நிறுவியவர்களில் ஒருவரான அடெல்பேர்ட் டெல்புருக்கும் அவரது குடும்பத்தினரும் 1872ஆம் ஆண்டில் ஹெரிங்ஸ்டோர்ஃபை அபிவிருத்தி செய்வதற்கென்றே ஒரு பங்குக் கம்பனியை ஆரம்பித்தார்கள். பிரான்ஸை வென்று ஜேர்மன் சாம்ராஜ்யம் உருவாகி ஒரு வருடமே ஆகியிருந்த நேரம் அது. பேர்லினில் பணம் புரண்டது. கம்பனி காணிகளைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்றது. 1894ஆம் ஆண்டில் புகையிரதப் பாதை ஹெரிங்ஸ்டோர்ஃப் வரை நீண்டதும், தலைநகரத்தவர்கள் காலையில் வண்டியேறி அன்றைய தினமே கடலில் கால் நனைக்க முடிந்தது. 'பேர்லின்காரரின் குளியல் தொட்டி' என்று அந்தத் தீவுக்குப் பட்டப்பெயரும் கிடைத்தது. அயலிலிருந்த ஆல்பெக்கும், 1897இல் புதிதாக உருவாக்கப்பட்ட பன்சினும் அதே வழியில் வளர்ந்தன.

இந்த ஊர்களில் எழுந்த வீடுகளின் பாணியை ஜேர்மானியர்கள் 'பேடர் ஆர்க்கிடெக்டூர்', அதாவது குளியல் நகரக் கட்டடக்கலை, என்று அழைக்கிறார்கள். உண்மையில் அது ஒரு தனிப்பாணி அல்ல. கிரேக்கக் கோயிலின் முக்கோண முகப்பு, இத்தாலிய மாளிகையின் தூண்வரிசை, மத்தியகாலக் கோட்டையின் மூலைக் கோபுரம், ஆல்ப்ஸ் மலைக் குடிலின் மரவேலைப்பாடு என எல்லாமே ஒரே தெருவில் அருகருகே நிற்கும். பேர்லினில் இறுக்கமான தெருவொன்றில் கடுமையான முகத்துடன் வீடு கட்டியவர், கோடைகாலத்துக்கு மட்டும் தமது விருப்பத்தைக் கட்டவிழ்த்துவிட்டார் என்று சொல்லலாம். ஆனால், இந்த வேறுபாடுகளையெல்லாம் மூன்று பொது அம்சங்கள் இணைத்துவைக்கின்றன. முதலாவது வெள்ளை நிறம். இரண்டாவது கடலை நோக்கித் திரும்பிய முகம். மூன்றாவது விறாந்தை.

விறாந்தை என்ற சொல்லை வாசிக்கும்போது எமது வாசகர்களுக்கு ஒரு நெருக்கம் ஏற்படக்கூடும். அது நியாயமானதே. போர்த்துக்கேயரின் வழியாக எமது பேச்சில் கலந்த அந்தச் சொல், இந்தியாவில் இருந்த ஆங்கிலேயரின் வாயில் புகுந்து ஐரோப்பாவுக்குச் சென்று, 'வெறண்டா' என்று ஜேர்மன் மொழியிலும் குடியேறியது. எமக்கு அது வெயிலில் இருந்து தப்புவதற்கான இடம். பால்டிக் கரையிலோ அது வெயிலைத் தேடிப் பிடிப்பதற்கான இடம். குளிர்ந்த கடற்காற்று உடலில் படாமலும், வெளிச்சம் மட்டும் உள்ளே வரும்படியும் கண்ணாடி பதித்து மாடிக்கு மாடி விறாந்தைகளை அமைத்தார்கள். வாடகைக்கு விடும் வீடுகளில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி விறாந்தை வேண்டியிருந்தது. கடலைப் பார்க்கும் உரிமைக்குத்தானே விருந்தினர் பணம் செலுத்தினர்!

அந்த விறாந்தைகளின் மரச்சித்திரவேலைகளைப் பார்த்து, ஏதோ பரம்பரைத் தச்சர்கள் வருடக்கணக்காகச் செதுக்கியவை என்று நினைத்துவிடக் கூடாது. பல தொழிற்சாலைகளில் செய்யப்பட்டவை. தீவுக்கு எதிர்க்கரையில் உள்ள வொல்காஸ்ட் நகரத்து மரத் தொழிற்சாலை, முழு வீடுகளையே பகுதி பகுதியாகச் செய்து அனுப்பி, வந்த இடத்தில் பொருத்திக் கொடுத்தது. அவற்றில் சில நூறு வருடங்களுக்கு மேலாகியும் இன்றும் உறுதியாக நிற்கின்றன.

தனித்தனி வீடுகளுக்கு வருவோம். ஹெரிங்ஸ்டோர்ஃபின் டெல்புருக் வீதியில் 1883ஆம் ஆண்டில் கட்டப்பட்ட வில்லா ஓக்ஸ்லர் ஒரு சிறிய கோயிலைப் போன்றது. அதன் நெற்றியில் பதிக்கப்பட்டிருக்கும் வண்ணக் கண்ணாடிச் சித்திரம் வெனிஸ் நகரத்துச் சல்வியாத்தியின் பட்டறையில் இருந்து வந்தது. பேர்லின் வங்கியாளரான பெனுவா ஒப்பன்ஹைமின் வில்லா, இத்தாலியச் சிற்பி பல்லாடியோவின் மாளிகைகளை நினைவூட்டும் தூண் முகப்பைக் கொண்டது. லியோனல் ஃபைனிங்கர் என்ற ஓவியர் அதைத் தமது ஓவியப் பொருளாக்கினார். வில்லா ஸ்டௌட்டுக்குச் சக்கரவர்த்தி இரண்டாம் வில்ஹெல்ம் தேநீர் அருந்த வருவதுண்டு. அந்த வருகைகளை வைத்துத்தான் மூன்று ஊர்களும் இன்று தம்மைச் 'சக்கரவர்த்தியின் குளியல் நகரங்கள்' என்று விளம்பரம் செய்கின்றன. சக்கரவர்த்தி போன பின்னர், 1922ஆம் ஆண்டுக் கோடையில், ரஷ்ய எழுத்தாளர் மாக்சிம் கோர்க்கி வில்லா இர்ம்கார்டில் தங்கியிருந்தார். அது இப்போது நூதனசாலை.

இதுவரை சொன்னவை சுற்றுலாக் கையேடுகளிலும் கிடைப்பவைதான். ஆனால், அதே வீதியில் வேறொரு வரலாறும் நடந்துகொண்டிருந்தது. ஹெரிங்ஸ்டோர்ஃபை வளர்த்தவர்களில் யூத வங்கியாளர்களும் வர்த்தகர்களும் முக்கியமானவர்கள். யூத விருந்தினரை அது வரவேற்றது. அதற்காகவே யூத விரோதிகள் அந்த ஊரை இழிவாக அழைத்தார்கள். அதே தீவில் சில மைல்களுக்கு அப்பால் உள்ள சின்னோவிட்ஸ், யூதருக்குத் தன்னிடம் இடமில்லை என்பதைப் பெருமையாகவே சொல்லிக்கொண்டது. இது ஹிட்லர் ஆட்சிக்கு வருவதற்கு வெகுகாலத்துக்கு முன்னரான நிலைமை என்பதைக் கவனிக்க வேண்டும். யூத விருந்தினர் எந்தெந்த ஊர்களையும் ஹோட்டல்களையும் தவிர்ப்பது நல்லது என்ற பட்டியலை ஜேர்மன் யூதர்களின் மத்திய சங்கம் தனது பத்திரிகையில் வெளியிட வேண்டியிருந்தது. நான்கு தசாப்தங்களை அண்மித்த எனது பத்திரிகைத் தொழிலில் எத்தனையோ விதமான பட்டியல்களை அச்சுக்கு அனுப்பியிருக்கிறேன். விடுமுறைக்குப் புறப்படும் ஒரு குடும்பம் அவமானத்தைத் தவிர்ப்பதற்காக வாசிக்கவேண்டிய அந்தப் பட்டியலைப் போல என்னைச் சிந்திக்கவைத்தது வேறொன்றில்லை.

1933க்குப் பின்னர் நிலைமை ஒரே சீரானது. யூதர் விரும்பப்படவில்லை என்ற அறிவிப்புகள் எல்லாக் கரைகளுக்கும் வந்தன. சொத்துக்கள் கைமாறின, விற்பனை என்று பதிவுகள் சொன்னாலும், விற்றவருக்கு வேறு தெரிவு இருக்கவில்லை. ஒப்பன்ஹைம் வில்லாவை வரைந்த ஃபைனிங்கரின் ஓவியங்களை நாஜிகள் 1937இல் 'சீரழிந்த கலை' என்ற பெயரில் காட்சிக்கு வைத்தனர். அதே வருடம் அவர் அமெரிக்காவுக்குச் சென்றுவிட்டார். வடக்கே றூகென் தீவின் புரோரா கடற்கரையில் நாஜிகள் தமது சொந்த விடுமுறைக் கட்டடத்தை 1936ஆம் ஆண்டில் தொடங்கியிருந்தார்கள். 20 ஆயிரம் பேரை ஒரே நேரத்தில் தங்கவைக்கும் நோக்கில், நான்கரைக் கிலோமீற்றர் நீளத்துக்கு ஒரே அச்சில் வார்த்த அறைகள். கோபுரமும் இல்லை; சித்திரவேலையும் இல்லை. 1939இல் போர் மூண்டதும் வேலை நின்றுபோனது.

1945 மார்ச் 12ஆம் திகதி அமெரிக்க விமானங்கள் தீவின் கிழக்கு முனையில் உள்ள ஸ்வினெமுண்டே நகரைக் குண்டுவீசித் தகர்த்தன. அகதிகள் நிறைந்திருந்த அந்த நகரில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அடுத்த மாதம், பின்வாங்கிய ஜேர்மன் இராணுவம் கார்னின் புகையிரதப் பாலத்தைத் தகர்த்தது. பேர்லினில் இருந்து நேராக வந்த பாதை அத்துடன் முடிந்தது. ஸ்வினெமுண்டே போலந்துக்குச் சென்றது. எஞ்சிய பகுதி சோவியத் ஆதிக்கத்தின் கீழும், 1949இல் இருந்து கிழக்கு ஜேர்மனியின் கீழும் வந்தது. குண்டுவீச்சில் தப்பிய வில்லாக்களின் சொந்தக்காரர்களில் பலர் அறைகளை வாடகைக்கு விட்டுச் சீவித்த சாதாரண குடும்பத்தவர்கள்.

அவர்களின் முறை 1953 பெப்ரவரியில் வந்தது. 'றோஸ் நடவடிக்கை' என்ற அழகான பெயரில் கிழக்கு ஜேர்மன் பொலிஸார் பால்டிக் கரை முழுவதிலும் ஹோட்டல்களுக்குள்ளும் விடுதிகளுக்குள்ளும் புகுந்து சோதனையிட்டார்கள். பதுக்கிவைத்த உணவுப்பொருட்கள், மேற்கு ஜேர்மனியில் இருந்து வந்த கோப்பி என்று கிடைத்ததெல்லாம் பொருளாதாரக் குற்றத்துக்குச் சான்றாகின. ஒரு மாதத்துக்குள் 400க்கும் அதிகமானோர் கைதுசெய்யப்பட்டனர். 400க்கும் அதிகமான ஹோட்டல்களும் விடுதிகளும் பறிமுதலாகின. அந்த வருடம் ஜூன் 17 மக்கள் எழுச்சிக்குப் பின்னர் கைதிகள் பலர் விடுவிக்கப்பட்டார்கள். வீடுகளோ பெரும்பாலும் திரும்பவில்லை. அவை தொழிற்சங்கத்தின் விடுமுறைச் சேவையிடம் சென்றன.

இங்கே நீதியாகச் சொல்லவேண்டிய இன்னொன்றும் உண்டு. அந்த வீடுகளில் பிறகு வந்து தங்கியவர்கள் ஆலைத் தொழிலாளர்களும் அவர்களின் பிள்ளைகளும். சொற்ப செலவில் இரண்டு வாரங்கள் கடலைப் பார்த்த அவர்களின் மகிழ்ச்சி பொய்யானதல்ல. அதற்கு விலைகொடுத்தவர்கள் யார் என்பதை மட்டும் அவர்களுக்கு எவரும் சொல்லவில்லை.

1990இல் நாடு ஒன்றிணைந்தபோது பழைய காணி உறுதிகள் வெளியே வந்தன. முடிந்தவரையில் சொத்தைத் திருப்பிக்கொடுப்பது, முடியாவிட்டால் நட்டஈடு என்பதே சட்டத்தின் கோட்பாடு. 1953இல் இழந்தவர்கள் கோரலாம். நாஜிகளின் காலத்தில் இழந்த யூதர்களின் வாரிசுகளும் கோரலாம். வாரிசுகள் கோராத இடத்தில் யூத அமைப்பொன்றுக்கு அந்த உரிமை வழங்கப்பட்டது. 1945க்கும் 1949க்கும் இடையில் சோவியத் நிர்வாகத்தில் பறிமுதலானவை மாத்திரம் திரும்பா என்று இரு ஜேர்மன் அரசுகளும் முன்கூட்டியே அறிவித்திருந்தன. ஆகவே, ஒரு வீடு எந்த வருடத்தில் பறிக்கப்பட்டது என்பதைப் பொறுத்தே நீதி கிடைத்தது. ஒரே வீட்டுக்கு இரு தலைமுறைகளில் இரு வெவ்வேறு குடும்பங்கள் பறிகொடுத்தவர்களாக வந்து நிற்கக்கூடிய நிலையையும் அந்த வரலாறு உருவாக்கியிருந்தது.

இன்று வில்லாக்கள் மீண்டும் வெண்மையாக ஒளிர்கின்றன. பின்னாளில் அடைக்கப்பட்ட விறாந்தைகள் திறக்கப்பட்டு, மரவேலைகள் பழைய மாதிரிப்படி திருத்தப்பட்டுள்ளன. ஹெரிங்ஸ்டோர்ஃபில் 1958இல் எரிந்துபோன கடற்பாலத்துக்குப் பதிலாக 1995ஆம் ஆண்டில் 508 மெற்றர் நீளத்தில் புதிய பாலம் எழுந்தது. 2007 டிசம்பரில் போலந்து ஷெங்கன் வலயத்தில் சேர்ந்த பின்னர், பன்சினில் இருந்து ஸ்வினெமுண்டே வரை, கடவுச்சீட்டை எடுத்துக்காட்டாமல் கடலோரமாகவே நடந்து செல்ல முடிந்தது.

கட்டடங்களைப் பேணுவதில் ஜேர்மானியர்களின் அக்கறை பாராட்டுக்குரியது. எனினும், ஒரு வீட்டைப் பழைய நிறத்துக்குக் கொண்டுவருவதும் அதன் வரலாற்றைக் கொண்டுவருவதும் ஒன்றல்ல. முதலாவதற்கு வண்ணப்பூச்சும் நல்ல தச்சர்களும் போதும். இரண்டாவதற்கு, கட்டியவர் யார், துரத்தப்பட்டவர் யார், தமக்குத் தெரியாமலே இன்னொருவரின் இழப்பில் இளைப்பாறியவர் யார் என்ற விபரங்கள் எல்லாம் வேண்டும். கட்டிய சிற்பியின் பெயரையும் வந்துபோன சக்கரவர்த்தியின் பெயரையும் பொறிக்கும் பலகையில், வெளியேற்றப்பட்ட குடும்பத்தின் பெயருக்கும் ஒரு வரி இடம் இருக்கவேண்டும். அதற்கு அதிகம் செலவாகாது.