முருகைக்கல்லும் சுண்ணாம்புத் தண்ணீரும்

ஆரணியில் என் அத்தை மகன் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர். மூணு வருஷமாக வீட்டு முன்னறையில் ஒரு கடல் தொட்டி வைத்திருக்கிறார். மீன் ரெண்டே ரெண்டுதான். மற்றதெல்லாம் பவள ஜாதி: தோல் மாதிரி மெத்தென்று விரிவது ஒன்று, காளான் குடை போல ஒன்று, பட்டன் பட்டனாக மலர்வது ஒன்று. எல்லாமே கல்லாக இறுகாத மென் வகைகள். எங்க ஊர் திருமலையிலிருந்து கடல் ரொம்பத் தொலைவு. அதனால் "ஆரணிக்கு பஸ் ஏறிப் போய்க் கடல் பாக்குறான்" என்று வீட்டில் எனக்குக் கிண்டல் உண்டு.

போன கோடையில் ஃபோன் பண்ணினார். "மாப்ள, மண்டபம் பக்கத்துலருந்து உயிர்ப்பாறை தரேன்னு ஒருத்தன் சொல்றான். கல்லோடவே பவளம் ஒட்டிக்கினு வருமாம். வாங்கலாமா? நீதான் எதையாச்சும் படிச்சிக்கினே இருப்பியே, பாத்து சொல்லு."

பாத்துச் சொல்லப் போனதில் வந்ததுதான் இந்தக் கட்டுரை.

முதலில் அந்தப் பிராணியைப் பற்றி. பவளம் செடியும் இல்லை, கல்லும் இல்லை. சின்னஞ்சிறு வாய் வைத்த விலங்குகளின் கூட்டம். அதன் சதைக்குள் ஒரு நுண்பாசி குடியிருக்கிறது. வெயிலை வைத்து அந்தப் பாசி சமைப்பதில் பெரும்பங்கைப் பவளம் தின்கிறது. கல் பவளங்கள் கடல் நீரில் கரைந்திருக்கும் கால்சியத்தை எடுத்துத் தங்களுக்கடியில் சுண்ணாம்புக் கல்லாகக் கட்டிக்கொண்டே போகின்றன. ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 400 மில்லிகிராம் கால்சியம் இருக்கும். கடலில் அது தீராது, தொட்டியில் சில நாளிலேயே குறைய ஆரம்பிக்கும். உப்பு லிட்டருக்கு 35 கிராம், சூடு 25லிருந்து 27 டிகிரி, காரத்தன்மை ஆடாமல் நிற்க வேண்டும். மச்சானுக்கு இதெல்லாம் சுலபமாகப் பிடிபட்டதில் ஆச்சரியமில்லை. தண்ணி சரியில்லன்னா சாயம் பிடிக்காது என்று சின்ன வயசிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்.

தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு கேனிலிருந்து குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக ஏதோ இறங்கிக்கொண்டிருந்தது. என்ன என்று கேட்டேன். "சுண்ணாம்புத் தண்ணி" என்றார். கடையில் அதற்கு 'கால்க்வாசர்' என்று பெரிய பேர். ஜெர்மன் மொழியில் 'கால்க்' என்றால் சுண்ணாம்பு, 'வாசர்' என்றால் தண்ணீர், அவ்வளவுதான். (வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றிவிடாதீர்கள். அதில் வேறு என்னென்ன கலந்திருக்குமோ. சுத்தமான கால்சியம் ஹைட்ராக்சைடு வேண்டும்.) ஒரு லிட்டர் தண்ணீரில் ஒன்றரை கிராம் போலத்தான் கரையும். மேலே நிற்கும் தெளிவை மட்டும் எடுத்து, ஆவியாகிப் போன தண்ணீருக்குப் பதிலாக ராத்திரியில் மெதுவாக விட வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் காரம் ஏறித் தொட்டியே போய்விடும். அவருடைய மென்பவளங்களுக்கு இது அதிகம் தேவையில்லை. பாறை மேல் படர்கிற இளஞ்சிவப்புச் சுண்ணாம்புப் பாசிதான் குடித்துத் தீர்க்கிறது.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது? வீட்டுக்குள் பவளத்தை உயிரோடு வைக்கும் கலையின் முதல் பெயர்களில் ஒன்று ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங். 1961இல் ஓர் அமெரிக்க மீன் வளர்ப்புப் பத்திரிகையில் தன் முறையை எழுதினார். கடலிலிருந்து உயிரோட்டமுள்ள பாறை, கடல் நீர், வெளிச்சம், கொஞ்சம் காற்றுக் குமிழி. வேறு கருவி கிடையாது. ஜாவாக் கடல் பக்கத்திலேயே இருந்த மனிதருக்கு அது சரி. கடல் பக்கத்தில் இல்லாத ஐரோப்பியர்களுக்குத்தான் வேதியியல் தேவைப்பட்டது. 1970களில் பீட்டர் வில்கென்ஸ் ஜெர்மன் மொழியில் எழுதிய புத்தகங்கள் வழியாகச் சுண்ணாம்புத் தண்ணீர் தொட்டிக்காரர்களிடையே பரவியது.

ஆரணித் தொட்டியின் வம்சாவளி இது. மண்டபத்துக் கல்லின் கதை வேறு.

மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரை 21 தீவுகள். அவற்றைச் சுற்றிப் பவளப்பாறை. முருகைக்கல் என்பது அந்தக் கல்லுக்கு நம்ம மொழியின் பழைய பெயர். வல்லத்தில் போய்க் கடப்பாரையால் பெயர்த்துக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். வீடு கட்டினார்கள், ரோட்டுக்குப் போட்டார்கள், பெரும்பகுதியைச் சுண்ணாம்புக் காளவாயில் சுட்டார்கள். கால்சியம் கார்பைடு தொழிலுக்கும் போனது. சுட்டால் கல்லிலிருக்கும் கரியமில வாயு வெளியேறி, சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். தண்ணீர் விட்டால் நீற்றுச் சுண்ணாம்பு. மச்சானின் கேனிலிருக்கும் அதே பொருள்! தொட்டியில் அந்தச் சுண்ணாம்பு கரியமில வாயுவைத் திரும்ப வாங்கி மறுபடி கல்லாகிறது. காளவாய் வேலையைப் பின்னாலிருந்து முன்னால் ஓட்டிப் பார்ப்பது போல.

1969 ஜனவரியில் மண்டபம் முகாமில் இந்தியக் கடல் உயிரியல் சங்கம் பவளப்பாறைகளுக்கென்று ஒரு கருத்தரங்கு நடத்தியது. இன்று உலகம் முழுக்க சுற்றிவரும் சர்வதேசப் பவளப்பாறை மாநாடுகளின் வரிசையில் முதலாவதாக எண்ணப்படுவது அதுதான். இது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? 1972இல் வந்த அதன் தொகுப்பில் மகாதேவனும் நாகப்பன் நாயரும் எழுதிய கட்டுரை ஒன்று, மன்னார் வளைகுடா, பாக் விரிகுடாப் பவளங்களை வெட்டியெடுத்துப் பயன்படுத்துவது பற்றியது. அன்றைக்கு அது ஒரு கனிம வளம். விஞ்ஞானிகள் கூடிப் பேசிய கரையிலேயே கல் ஏற்றி வந்த வல்லங்களும் ஒதுங்கின.

1986இல் தீவுகள் கடல்சார் தேசியப் பூங்கா ஆயின. வெட்டுவது நிற்கவில்லை. 2001இல் கல் பவளங்கள் எல்லாமே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்தன. புலிக்கு இருக்கும் இடம். அதற்குப் பிறகும் 2005 வாக்கில்தான் ஓய்ந்தது. கடப்பாரை பிடித்தவர்களை வில்லன்களாகக் காட்ட எனக்கு மனசில்லை. மீன் கிடைக்காத நாளில் கல் எடுத்தார்கள். அந்தச் சுண்ணாம்பில் வெள்ளையடித்த வீடுகளில் நாம் பொங்கல் வைத்தோம். ஆனால் கணக்கு கணக்குதான். விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் நீருக்கடியில் போய்விட்டன. அலையைத் தடுத்த பாறை போனால் மணல் நிற்குமா? கருத்தரங்கு நடந்த அதே 1969இல் 20 ஹெக்டேருக்கு மேல் இருந்த காரைச்சல்லி இன்று 6 ஹெக்டேர்கூட இல்லை.

இதற்கு மேல் வெயில் வேறு. சூடு கூடினால் பவளம் தன் பாசியை வெளியே தள்ளிவிட்டு வெளுத்துப்போகும். கொஞ்ச நாளில் தணியாவிட்டால் பட்டினிதான். 2016 கோடையில் அப்படி வெளுத்ததில், மன்னார் வளைகுடாவில் உயிருள்ள பவளம் 38.9 சதவீதத்திலிருந்து 22.7 சதவீதமாக இறங்கியது. ஒரு மே மாதத்தில் ஆரணியில் ஒன்பது மணி நேரம் கரண்ட் இல்லை. குளிர்விப்பான் நின்று தொட்டி 32 டிகிரியைத் தொட்டது. மச்சான் ஐஸ் பாட்டில்களை மிதக்கவிட்டுக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தார். அப்படியும் காளான் பவளங்களில் பாதி வெள்ளைத் துணியாய்ச் சுருங்கிவிட்டன. கடலுக்கு ஐஸ் பாட்டில் போட ஆளில்லை.

தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆய்வு நிறுவனம் 2002 முதல் ஒரு வேலை செய்து வருகிறது. வளரும் பவளத்திலிருந்து விரலளவு துண்டுகளை எடுத்து, சிமெண்ட் பலகையில் கட்டி, அழிந்த பாறைகளில் கொண்டுபோய் வைக்கிறார்கள். பெர்லின் தொட்டிக்காரர்கள் ஒரே பவளத்தை ஒடித்து ஒடித்து நண்பர்களுக்குக் கொடுத்துப் பெருக்கியதும் இதே முறையில்தான். பதியன் போடுகிற எவருக்கும் புரிகிற காரியம்.

இதையெல்லாம் மச்சானிடம் ஒரு மணி நேரம் சொன்னேன். கல் உயிரோடு இருந்தாலும் செத்திருந்தாலும் சட்டம் ஒன்றுதான், மாட்டினால் குறைந்தது மூணு வருஷம் என்றும் சொன்னேன். ஜெயில் விஷயத்தை அவர் பெரிதாக எடுத்துக்கொண்ட மாதிரி தெரியவில்லை.

"அந்தத் தீவு... இன்னா பேரு சொன்ன?"

"விலாங்குசல்லி."

"ஒரு தீவே முழுகிப்போச்சா?" கொஞ்ச நேரம் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "பீங்கான்ல ஓட்டை ஓட்டையா கல்லு வருதாம் மாப்ள. காசு ஜாஸ்தி. பாசி புடிக்க ஆறு மாசம் ஆவும்" என்று கேனில் தண்ணீர் மட்டத்தைச் சரிபார்க்கப் போனார்.

அடுத்த முறை நான் போனபோது பீங்கான் கல் உள்ளே இருந்தது. வெள்ளையாக, மொட்டையாக. அதன் ஒரு மூலையில் மட்டும் கடுகளவு இளஞ்சிவப்பு.