விவிலியத்தை ஆசியக் கண்ணால் வாசித்த தமிழர்: பேராசிரியர் ஆர்.எஸ். சுகிர்தராஜா

பாக்கார் ஆராங்: எஸ்.பி.எம். முடிவு வெளிவந்ததும் நம் வீடுகளில் பேசப்படும் படிப்புகள் நான்கைந்துதான். மருத்துவம், பொறியியல், கணக்கியல், ஆசிரியர் பயிற்சி, இல்லையென்றால் கணினி. கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளை ஒன்று "நான் வேதாகமம் படிக்கப் போகிறேன்" என்று சொன்னால், "பாதிரியாராகப் போகிறாயா?" என்பதுதான் அடுத்த கேள்வியாக இருக்கும்.

ஆனால் விவிலியத்தை ஒரு பழைய நூலாக, மொழி, வரலாறு, அரசியல் ஆகியவற்றோடு சேர்த்து ஆராய்வது தனித் துறை. தமிழ் ஆய்வு மாணவர் தொல்காப்பியத்தைப் பதிப்பு, பாட வேறுபாடு, உரை, காலம் என்று பிரித்துப் படிப்பது போல, எபிரேயமும் கிரேக்கமும் கற்று விவிலியத்தைப் படிப்பதே விவிலிய ஆய்வு. அந்தத் துறையில் உலக அளவில் பேசப்படும் பெயர்களில் ஒன்று ஈழத்துத் தமிழர் ஒருவருடையது. அவர் பேராசிரியர் ஆர்.எஸ். சுகிர்தராஜா.

அவரைப் பற்றித் தமிழில் வாசிக்கக் கிடைப்பது குறைவு. தோட்டத்திலும் நகரத்திலும் வாழும் நம் வாசகர்கள் எந்தச் சமயத்தைச் சேர்ந்தவராயினும், அவர் எழுப்பிய கேள்விகள் நம் கதையையும் தொடுவதால் இந்த அறிமுகம்.

இலங்கையிலிருந்து பர்மிங்காம் வரை

இலங்கையில் பிறந்து வளர்ந்த சுகிர்தராஜா, இறையியல் படிப்பதற்காக இந்தியாவின் பெங்களூருக்குச் சென்றார். பின்னர் இங்கிலாந்தின் பர்மிங்காமில் முனைவர் பட்டம் பெற்றார். அந்நகரின் செல்லி ஓக் பகுதியில் இயங்கிய கிறிஸ்தவக் கல்லூரிகளில் மூன்றாம் உலக இறையியலைக் கற்பித்தார். ஒரு காலத்தில் ஆசியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் செல்லும் மிஷனரிகளைத் தயார் செய்த இடம் அது. அங்கே ஓர் ஆசியர் நின்று, அந்த மிஷனரிகள் கொண்டுவந்த நூலை ஆசியர்கள் எப்படி வாசித்தார்கள் என்று பாடம் நடத்தினார்.

செல்லி ஓக் கல்லூரிகளின் பணி பிற்பாடு பர்மிங்காம் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. அந்தப் பல்கலைக்கழகத்தில் அவர் விவிலியப் பொருள்கோள் பேராசிரியராக உயர்ந்து, ஓய்வுக்குப் பிறகு தகைசால் பேராசிரியராக மதிக்கப்படுகிறார். 2009-இல் அவரைச் சிறப்பிக்கும் கட்டுரைத் தொகுப்பு ஒன்றை சக ஆய்வாளர்கள் வெளியிட்டனர். கல்வியுலகில் இது எல்லோருக்கும் கிடைக்கும் மரியாதை அல்ல.

ஓரத்தில் இருப்பவர்களின் குரல்

அவர் பெயரை உலகறியச் செய்தது 1991-இல் அவர் தொகுத்து வெளியிட்ட 'ஓரங்களிலிருந்து எழும் குரல்கள்' என்ற பொருள் தரும் ஆங்கில நூல். அதுவரை விவிலிய விளக்கம் என்றால் ஜெர்மனி, இங்கிலாந்து, அமெரிக்கா ஆகிய நாடுகளின் பேராசிரியர்கள் சொல்வதுதான் முதன்மையாகக் கருதப்பட்டது. மற்றவர்கள் அதைப் படித்துத் திருப்பிச் சொல்ல வேண்டியவர்கள். இந்த நூலில் ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்க வாசகர்களும் ஒடுக்கப்பட்ட மக்களும் நேரடியாகப் பேசினார்கள். பேராசிரியர் அல்லாத சாதாரண மக்கள் கூடி உட்கார்ந்து வாசித்த வாசிப்புகளுக்கும் அதில் இடம் இருந்தது. நூல் மீண்டும் மீண்டும் பதிப்பிக்கப்பட்டு, பல நாட்டு இறையியல் கல்லூரிகளில் பாடநூலாயிற்று.

அதில் உள்ள ஒரு கட்டுரை நாம் நின்று யோசிக்க வேண்டியது. எகிப்தில் அடிமைப்பட்டிருந்த மக்கள் விடுதலை பெற்று, கடவுள் வாக்களித்த நாட்டுக்குச் செல்லும் கதை பலருக்குத் தெரியும். செங்கல் அறுக்க வைக்கோல் தராமல், ஆனால் செங்கல் எண்ணிக்கை மட்டும் குறையக் கூடாது என்று மேற்பார்வையாளர்கள் அடிக்கும் பகுதி அதில் வருகிறது. விடியுமுன் பால் மரம் சீவப் போய், மழை பெய்தாலும் நிறுவைக் கணக்குக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்த நம் பாட்டன் பாட்டிகளுக்கு அதை விளக்க உரையாசிரியர் தேவையில்லை. உலகெங்கும் உழைக்கும் மக்கள் இந்தக் கதையைத் தங்கள் விடுதலைக் கதையாக ஏற்றுக்கொண்டார்கள்.

ஆனால் அமெரிக்கப் பழங்குடியைச் சேர்ந்த ஆய்வாளர் ராபர்ட் ஆலன் வாரியர் அந்தக் கட்டுரையில் வேறொரு கேள்வி கேட்டார். வாக்களிக்கப்பட்ட அந்த நாட்டில் ஏற்கெனவே குடியிருந்த கானானியர் என்ன ஆனார்கள்? ஒருவரின் விடுதலை இன்னொருவரின் வெளியேற்றமாக முடிந்தால் அந்தக் கதையை எப்படி வாசிப்பது? தோட்டம் கைமாறி, மரம் அழிந்து, மூன்று தலைமுறை வாழ்ந்த லயத்தைக் காலி செய்த குடும்பங்கள் கெடாவில் உண்டு. கானானியர் பக்கம் நின்று பார்ப்பது அவர்களுக்குக் கடினமாக இராது.

பின்காலனிய வாசிப்பு என்றால் என்ன?

சுகிர்தராஜாவின் பெயரோடு எப்போதும் சேர்த்துச் சொல்லப்படுவது 'பின்காலனிய விவிலியத் திறனாய்வு'. சொல் பெரிதாகத் தோன்றினாலும் விஷயம் எளிமையானது. பேரரசுகள் உலகை ஆண்ட காலத்தில் ஒரு நூல் எப்படிப் பரப்பப்பட்டது, எப்படி மொழிபெயர்க்கப்பட்டது, யாருக்குச் சாதகமாக விளக்கப்பட்டது என்று பார்ப்பது ஒரு பக்கம். அந்த நூலுக்குள்ளேயே எகிப்து, பாபிலோன், பாரசீகம், ரோம் என்று பேரரசுகளின் நிழல் எப்படி விழுந்திருக்கிறது என்று தேடுவது மறுபக்கம். பாலஸ்தீன அறிஞர் எட்வர்ட் சயித் 1978-இல் வெளியிட்ட 'ஓரியண்டலிசம்' நூல் இவ்வகை ஆய்வுகளுக்கு வழி திறந்தது. அதை விவிலியத் துறைக்குள் கொண்டுவந்தவர்களில் சுகிர்தராஜா முன்னோடி.

அவர் தரும் எடுத்துக்காட்டு ஒன்று சுவையானது. பவுல் அடியார் மூன்று 'மிஷனரி பயணங்கள்' செய்தார் என்று ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள்கூட வரைபடம் போட்டுக் காட்டுவார்கள். ஆனால் பழைய உரையாசிரியர்கள் அப்படி மூன்றாகப் பிரித்துப் பார்க்கவில்லை என்கிறார் அவர். 18-ஆம் நூற்றாண்டில், ஐரோப்பாவிலிருந்து மிஷனரிகள் கப்பலேறத் தொடங்கிய காலத்தையொட்டித்தான் அந்த வாசிப்பு வலுப்பெற்றது. வில்லியம் கேரி மிஷனரிப் பணிக்காக வாதாடிய தமது நூலை வெளியிட்டது 1792-இல். தாங்கள் செய்யவிருந்த பயணத்துக்கு முன்மாதிரியை அவர்கள் பழைய நூலில் கண்டெடுத்தார்கள் என்பதே சுகிர்தராஜாவின் வாதம். கதை முழுவதும் மேற்கு நோக்கி ரோமுக்குப் போவதாக மட்டுமே சொல்லப்பட்டதால், கிழக்கே பாரசீகம், இந்தியா, சீனம் என்று பரவிய பழைய கிறிஸ்தவம் மறக்கப்பட்டது என்றும் அவர் காட்டுகிறார்.

2001-இல் கேம்பிரிட்ஜ் வெளியிட்ட 'விவிலியமும் மூன்றாம் உலகமும்' நூலில் இன்னொரு முக்கியக் கருத்து உண்டு. 1804-இல் லண்டனில் தொடங்கப்பட்ட வேதாகமச் சங்கம் உலகமெங்கும் மலிவு விலையில் பிரதிகளை அனுப்பியது. எழுத்தறிவும் அச்சும் பரவ அது உதவியது. அதே வேளையில், 'உங்கள் நூல்களைவிட இதுவே மேலானது' என்ற ஆதிக்க மனப்போக்கும் அதோடு பயணித்தது. இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. விவிலியத்தை முழுக்க விடுதலை நூல் என்று கொண்டாடுவதையும், முழுக்க ஆதிக்கக் கருவி என்று ஒதுக்குவதையும் அவர் ஏற்பதில்லை.

தோகையும் அகத்திணையும்

தமிழ் படித்தவர்களுக்கு அவருடைய நூல்களில் மிக நெருக்கமானது 2013-இல் ஹார்வர்ட் பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்ட 'விவிலியமும் ஆசியாவும்'. விவிலியம் ஆசியாவுக்கு வந்த கதையை மட்டுமல்ல, ஆசியா விவிலியத்துக்குள் போன கதையையும் அது பேசுகிறது.

சாலமோன் அரசனின் கப்பல்கள் பொன், வெள்ளி, தந்தம், குரங்கு, மயில் ஆகியவற்றைக் கொண்டுவந்ததாக விவிலியம் கூறுகிறது. அங்கே மயிலைக் குறிக்கும் எபிரேயச் சொல் 'துக்கி' தமிழின் 'தோகை'யிலிருந்து வந்திருக்கலாம் என்பது பழைய கருத்து. கால்டுவெல் 1856-இல் வெளியிட்ட ஒப்பிலக்கண நூலிலும் இதைக் குறித்துள்ளார். விவிலியத்தின் உன்னதப் பாட்டுக்கும் சங்க அகப்பாடல்களுக்கும் உள்ள ஒற்றுமையைப் பற்றி எபிரேய மொழியறிஞர் ஹாயிம் ராபின் 1973-இல் எழுதினார். தலைவியே பேசுவது, பிரிவின் ஏக்கம், இயற்கையோடு பின்னிய காதல் என்று ஒப்பிட நிறைய உண்டு. பூஜாங் பள்ளத்தாக்கின் கோயில் அடித்தளங்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு, பழங்காலக் கடல் வணிகம் சரக்கோடு சொல்லையும் சுமந்து சென்றது என்பது புதிய செய்தி அல்ல.

யாழ்ப்பாணத்து இயேசு

2018-இல் வந்த 'ஆசியாவில் இயேசு' நூலில் இரண்டு யாழ்ப்பாணத் தமிழர்களுக்கு அவர் தனித்தனி இயல் ஒதுக்கியுள்ளார். ஒருவர் சர் பொன்னம்பலம் இராமநாதன். சைவரான அவர் மத்தேயு, யோவான் நற்செய்திகளுக்கு உரை எழுதி, இயேசுவை ஒரு ஞான குருவாகக் கண்டார். மத்தேயு உரை 1898-இலும் யோவான் உரை 1902-இலும் வெளிவந்தன.

மற்றவர் பிரான்சிஸ் கிங்ஸ்பரி. இவர் கதை மனத்தைத் தொடுவது. இவருடைய தந்தை, கலித்தொகையையும் தொல்காப்பிய உரைகளையும் ஏட்டுச்சுவடியிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்த சி.வை. தாமோதரம்பிள்ளை. தந்தை கிறிஸ்தவச் சூழலில் வளர்ந்து சைவத்துக்குத் திரும்பியவர். மகன் அழகசுந்தரமோ கிறிஸ்தவராகிப் பெயரை மாற்றிக்கொண்டார். பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியில் கற்பித்தார். அங்கிருந்தபோதே ஜி.இ. பிலிப்ஸ் என்பவருடன் சேர்ந்து சைவ அடியார்களின் பாடல்களை ஆங்கிலத்தில் பெயர்த்து 1921-இல் வெளியிட்டார். மரபுக் கொள்கைகளுக்கு ஒத்துவராத தம் கருத்துகளால் சர்ச்சை எழ, அந்தக் கல்லூரியை விட்டு விலகினார். பிறகு கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியில் தமிழ் விரிவுரையாளரானார்.

தந்தையின் சமயத்தை விட்டு வந்தவர், வந்த இடத்திலும் முழுதாக ஏற்கப்படவில்லை. ஆனால் இரு பக்கத்து நூல்களையும் விடாமல் படித்தார். சுகிர்தராஜா மேற்கொண்ட பணிக்கு இப்படி ஒரு தமிழ் முன்னோடி நூறாண்டுக்கு முன்பே இருந்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

விமர்சனங்களும் உண்டு

சுகிர்தராஜாவின் அணுகுமுறை எல்லோருக்கும் உவப்பானது அல்ல. வழிபாட்டுக்கும் ஆறுதலுக்கும் வாசிக்கப்படும் நூலைச் சந்தேகக் கண்ணோடு பார்ப்பது நம்பிக்கையாளர் பலருக்குச் சங்கடம் தருகிறது. கோட்பாட்டு மொழியில் எழுதப்பட்டதால் பல்கலைக்கழகத்துக்கு வெளியே இருப்பவர்களை அது எட்டுவதில்லை என்ற குறையும் சொல்லப்படுகிறது. ஓரத்தில் இருப்பவர்களின் குரலைப் பற்றிய அவருடைய முக்கிய நூல்கள் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. அவற்றைத் தமிழில் அறிமுகப்படுத்தும் பணி நம் பக்கம் காத்திருக்கிறது.

இத்துறையில் சேர விரும்பினால்

பாதை நீளமானது. முதலில் இறையியல் இளங்கலை, அதோடு எபிரேயமும் கிரேக்கமும். பிறகு பழைய ஏற்பாடு அல்லது புதிய ஏற்பாட்டில் முதுகலை, அதன்பின் முனைவர் பட்டம். ஆய்வுக்கு ஜெர்மன் போன்ற இன்னொரு மொழியும் தேவைப்படும். பள்ளி முடித்து விரிவுரையாளராக நிற்கப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிடும்.

மலேசியாவில் 1979-இல் தொடங்கப்பட்ட மலேசிய இறையியல் கல்லூரி சிரம்பானில் உள்ளது. சிங்கப்பூரின் திரித்துவ இறையியல் கல்லூரி 1948 முதல் இயங்குகிறது. தமிழ்வழிக் கற்க விரும்புவோர் மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியை நாடலாம். அங்கும் பெங்களூரிலும் படிப்போருக்குப் பட்டம் வழங்குவது செராம்பூர். 1818-இல் கேரியும் நண்பர்களும் தொடங்கிய அந்தக் கல்லூரி, 1827-இல் டென்மார்க் மன்னரின் சாசனத்தால் பட்டம் வழங்கும் உரிமை பெற்றது. வெளிநாட்டுப் பட்டத்துக்கு இங்கே உள்ள அங்கீகாரம், கட்டணம், உதவித்தொகை ஆகியவற்றைச் சேரும் முன்பே கேட்டறிவது நல்லது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. இது பணம் கொழிக்கும் தொழில் அல்ல. ஆனால் நம் பாட்டன்மார் கப்பலில் வந்தபோது, அவர்கள் கையில் இருந்த நூல் எதுவாயினும் அதற்குப் பொருள் சொல்லும் உரிமை பெரும்பாலும் வேறு யாரிடமோ இருந்தது. கீழே உட்கார்ந்து கேட்ட இடத்திலிருந்து எழுந்து, தானே வாசித்துப் பொருள் சொல்ல முடியும் என்று ஒரு தமிழர் பர்மிங்காமில் காட்டியிருக்கிறார். நம் வட்டாரத்துப் பிள்ளை ஒன்று அந்த வழியில் போக ஆசைப்பட்டால், "பாதிரியாராகப் போகிறாயா?" என்பதோடு நிறுத்தாமல், "என்ன ஆராயப் போகிறாய்?" என்றும் ஒரு முறை கேட்டுப் பார்க்கலாமே.