அஞ்சுநாட்டு ஆப்பிள் தோட்டங்கள்

ஆப்பிள் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனம் காசுமீரத்துக்கும் இமயச் சாரலுக்கும் ஓடிவிடுகின்றது. மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் நாம் விலைபேசி வாங்கும் பழங்களும் பெரும்பாலும் அவ்வளவு தொலைவிலிருந்து வந்தவையே. “கேரள நாட்டிலும் ஆப்பிள் காய்க்கின்றது, காய்க்க வைப்போர் தமிழ் பேசும் குடியானவர்கள்” என்று நம் சங்கத்து அன்பர் சிலரிடம் ஒருமுறை கூறியபோது, அவர்கள் நகைத்தனர். அந்த நகைப்பே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று. அடியேன் வரலாற்றுப் பேராசிரியன் அல்லேன். இருப்புப்பாதை அலுவலகத்தில் பார்சல் கணக்கெழுதும் எழுத்தன். ஆயினும் எந்தப் பொருள் எங்கிருந்து வந்தது, யார் அனுப்பினார் என்று வினவுவது என் தொழிற்பழக்கம். அப்பழக்கம் கொண்டே இதனை எழுதத் துணிந்தேன்.

ஆப்பிளின் தாயகம் ஐரோப்பா அன்று. நடு ஆசியாவில், இன்றைய கசகசுத்தான் நாட்டில், தியான்சான் மலைச்சரிவுகளில் அது காட்டுமரமாய் நின்றது. உருசிய நாட்டுத் தாவர அறிஞர் வாவிலோவ் 1929 இல் அல்மாட்டி நகரைச் சூழ்ந்த ஆப்பிள் காடுகளைக் கண்டு, இதுவே இப்பழத்தின் பிறப்பிடம் என்று கூறினார். பிற்கால ஆராய்ச்சிகளும் அதனை உறுதி செய்தன. ஆங்கிருந்து வணிகச் சாத்துகளோடு மேற்கே சென்று, பல நூற்றாண்டுகள் கழித்து ஆங்கிலேயர் கப்பலில் நம் தென்னாட்டுக்கு வந்தது. வழி சற்றுச் சுற்றுவழிதான்!

இம்மரத்துக்கு இரண்டு இயல்புகள் உண்டு. அவற்றை அறியாமல் இதன் வரலாறு விளங்காது. ஒன்று, விதையிட்டு முளைத்த மரம் தாய்மரத்தின் பழத்தைத் தராது. இனிய பழத்தின் விதையிலிருந்து புளிப்புப் பழம் வரலாம். ஆகவே ஒட்டுக் கட்டியே இனத்தைக் காக்க வேண்டும். உலகில் இன்றுள்ள ஒவ்வொரு நல்லினமும் ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு ஒட்டுக்குச்சியாய்ச் சென்றதே. மற்றொன்று, இம்மரம் குளிர்காலத்தில் இலையுதிர்த்து உறங்க வேண்டும். வடநாட்டுப் பேரினங்களுக்கு வெப்பம் ஏழு பாகைக்குக் கீழே நிற்கும் நேரம் ஆயிரம் மணிக்கு மேல் தேவை. உறக்கம் குறைந்தால் பூ குறையும். தென்னாட்டு மலைகளில் அத்தனை நேரம் அத்தகைய குளிர் நிற்பதில்லை. எனவே குறைந்த உறக்கத்தோடு எழுந்து பூக்கும் இனங்களே இங்கு நிலைத்தன. கோடைக்கானலில் பெயர்பெற்ற பார்லின்சு பியூட்டி அத்தகையது. கசகசுத்தானத்துப் பனியில் பிறந்த மரம் பழனி மலையில் வாழக் கற்றுக்கொண்டது இவ்வாறே.

வடக்கே இது வேரூன்றிய கதை பலரும் அறிந்தது. குலுப் பள்ளத்தாக்கின் பந்திரோலில் கேப்டன் லீ என்பவர் 1870 இல் தோட்டம் அமைத்தார். எனினும் குடியானவரின் பயிராக இதனை ஆக்கியவர் சாமுவேல் ஸ்டோக்ஸ் என்ற அமெரிக்கரே. பிலடெல்பியா நகரத்துச் செல்வக்குடியிற் பிறந்த அவர், 1904 இல் தொழுநோயாளர்க்குப் பணிபுரிய வந்தார். கோட்கட் பகுதியில் மணம்புரிந்து நிலைத்தார். 1916 இல் தம் நாட்டிலிருந்து ரெட் டெலிசியஸ் இனத்தை வருவித்து நட்டார். கன்றுகளை அண்டை அயலாருக்கும் கொடுத்தார். விடுதலைப் போரில் சிறை சென்றார். 1932 இல் இந்து சமயத்தைத் தழுவிச் சத்தியானந்தர் எனப் பெயர் பூண்டார். இமாசலத்தின் இன்றைய ஆப்பிள் வளம் அவர் நட்டதன் வழிவந்தது எனின் மிகையாகாது. அப்பழங்கள் மரப்பெட்டியிலும் பின்னர் அட்டைப்பெட்டியிலும் நாடெங்கும் சென்றன. 2025 செப்டம்பரில் காசுமீரத்துப் பட்காமிலிருந்து தில்லி ஆதர்ஷ் நகருக்கு ஆப்பிளுக்கென்றே நாள்தோறும் பார்சல் வண்டி விடப்பட்ட செய்தியைப் படித்தபோது, என் போன்ற எழுத்தர்க்கு ஏற்பட்ட களிப்பைப் பிறர் அறியார்.

நிற்க. தென்னாட்டின் கதை வேறு. இங்கு இப்பழம் முதலில் கலெக்டர்களின் பொழுதுபோக்காக வந்தது. கோயம்புத்தூர்க் கலெக்டர் சான் சல்லிவன் 1819 இல் நீலகிரிக்கு ஏறி, பின்னர் உதகையில் கல்வீடு கட்டிக் குடியேறி, தம் தோட்டத்தில் சீமைப் பயிர்களையும் கனிமரங்களையும் வளர்த்தார். அதே காலத்தில் சேலம் கலெக்டர் காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் காப்பியோடு ஆப்பிளையும் பேரியையும் கொண்டுவந்தார். கோடைக்கானலில் 1845 முதல் அமெரிக்கப் பாதிரிமார் வீடு கட்டலாயினர். அவர்களைத் தொடர்ந்து கனிமரங்களும் ஏறின. ஆயின் நூறாண்டு கழிந்தும் இமாசலத்தில் நேர்ந்தது போன்று ஒரு நாட்டையே வாழ்விக்கும் பயிராக இங்கு அது ஆகவில்லை. குளிர் போதாமை ஒரு காரணம். தேயிலையும் காப்பியும் உருளைக்கிழங்கும் விரைந்து பொருள் தந்தமை மற்றொரு காரணம்.

இனி நம் கேரளத்துக்கு வருவோம். இடுக்கி மாவட்டம் தேவிகுளம் தாலுக்காவின் வடகிழக்கு மூலையில், மேற்குத் தொடர்ச்சியின் மழைமறைவில் அஞ்சுநாடு என்றொரு பள்ளத்தாக்கு உண்டு. மறையூர், காந்தளூர், காரையூர், கீழாந்தூர், கொட்டகுடி என்பன அவ்வைந்து ஊர்கள். மதுரைச் சீமையில் அரசியல் குழப்பம் மிகுந்த காலத்தில் அங்கிருந்து மலையேறியவரே தம் முன்னோர் என்பது அவ்வூர் வேளாளர் வழிவழியாகச் சொல்லிவரும் வரலாறு. நெல்லும் கேழ்வரகும் விதைத்து, வழக்குகளை ஊர்க்கூட்டத்தில் பெரியோர் கூடித் தீர்த்து, அவர்கள் வாழ்ந்தனர். அவர்கட்கும் முற்பட்டவர் பலர் அப்பள்ளத்தாக்கில் வாழ்ந்ததற்குப் பாறைகளின்மேல் நிற்கும் முனியறைகள் என்னும் கற்பதுக்கைகள் சான்று. முதுவர் முதலான பழங்குடி மக்களும் அம்மலைகளிலேயே வாழ்கின்றனர்.

1877 சூலை 11 ஆம் நாள் பூஞ்ஞாற்று அரசர், சான் டேனியல் மன்றோ என்னும் ஆங்கிலேயர்க்கு இம்மலைகளைக் குத்தகைக்கு எழுதிக்கொடுத்தார். அப்பட்டயத்தில் மலைக்குக் கண்ணன் தேவன் அஞ்சநாட்டுமலை என்றே பெயர். இன்று தேயிலைப் பொட்டலத்தின்மேல் நாம் காணும் கண்ணன் தேவன் என்னும் பெயர், அஞ்சுநாட்டுத் தலைவன் ஒருவனுடையது என்பர். தேயிலை வருமுன்னரே அங்குத் தமிழ்ப்பெயரோடு ஒரு நாடு இருந்தது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? 1955 இல் அறிக்கை தந்த மாநிலச் சீரமைப்புக் குழு, தேவிகுளம், பீர்மேடு தாலுக்காக்களைக் கேரளத்தோடு வைத்தது. அங்குள்ள தமிழர் தொகை பெரிதும் தோட்டக் கூலிகளாய் வந்துபோவோரால் ஆயது என்பது கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. தேயிலைத் தோட்டங்களுக்கு அது ஒருவாறு பொருந்தலாம், அஞ்சுநாட்டுக்குப் பொருந்தாது. எல்லைப் பூசலைக் கிளறுவது என் நோக்கம் அன்று. கொச்சியில் வாழும் நம்மைப்போல் அவர்கள் பிழைப்புத் தேடி வந்தவர் அல்லர், பன்னெடுங்காலமாக அம்மண்ணுக்கு உரியவர் என்பதை நாமேனும் அறிந்திருக்க வேண்டும்.

போக்குவரத்தைப் பற்றி ஒரு சொல். இதனைக் கூறாமற் போனால் என் உத்தியோகத்துக்கு அழகன்று. 1902 இல் மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஒற்றைத் தண்டவாளத்தில் எருதுகள் இழுக்கும் வண்டி ஓடிற்று. 1908 இல் அது இரண்டடி அகலப் பாதையாகி நீராவி வண்டியைக் கண்டது. தேயிலைப் பெட்டிகள் ஆங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கிக் கீழே இறங்கிப் போடிநாயக்கனூர்ப் பக்கம் சேர்ந்தன. 1924 ஆம் ஆண்டுப் பெருவெள்ளம், மலையாளத்தார் இன்றும் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம் என்று நினைவுகூர்வது, அப்பாதையை அடியோடு கொண்டுபோயிற்று. மதுரையிலிருந்து போடிக்கு இரயில் வந்ததோ 1928 இல். மலைமேல் இருந்த வண்டி போன பின்னர் மலையடிக்கு வண்டி வந்தது! அவ்விரண்டும் ஒரே காலத்தில் இருந்திருப்பின் மலைக்காய்கனிகளின் வாணிகம் எவ்வாறு அமைந்திருக்கும் என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. கொச்சியிலிருந்து மேலே செல்லும் சாலையும் அவ்வெள்ளத்தில் அழிந்து, வேறு வழியாகப் புதிதாய் அமைந்தது. அவ்வழியில் பெரியாற்றின் குறுக்கே நேரியமங்கலம் பாலம் 1935 இல் திறக்கப்பட்டது.

அந்தப் பாலத்தைக் கடந்துதான் குடும்பத்தாருடன் நானும் சென்றேன். மூணாற்றைத் தாண்டித் தேயிலைச் சரிவுகளில் இறங்கினால் குளிர்காற்றில் ஈரம் குறைகின்றது. மறையூரில் சந்தனக் காடு. கரும்பாலைகளில் பாகு காய்ச்சும் மணம் வழியெங்கும் வீசுகின்றது. அவ்வூர்ச் சர்க்கரை 2019 இல் புவிசார் குறியீடு பெற்றது. ஆங்கிருந்து மீண்டும் ஏறினால், ஏறத்தாழ ஐயாயிரம் அடி உயரத்தில் காந்தளூர்.

தோட்டம் என்றவுடன் வேலி அடைத்த பெரும் பண்ணை என்று எண்ணற்க. வீட்டைச் சுற்றிப் படிப்படியாய்ச் சரியும் நிலம். ஆப்பிளோடு பிளம்ஸ், பீச், பேரி, ஆரஞ்சு, மரத்தக்காளி எல்லாம் கலந்து நிற்கின்றன. இடையிடையே பூண்டுப் பாத்திகள். வாயிலில் குடும்பத்து மூதாட்டி ஒருவர் சிறு கட்டணம் வாங்கிக்கொண்டு, “வாங்கய்யா, எந்த ஊர்?” என்றார். “கொச்சிங்க அம்மா” என்றேன். “கொச்சியிலிருந்து வந்து தமிழ் பேசறீங்களே!” என்று அவர் வியந்தார். நான் அவரைக் கண்டு வியக்க, அவர் என்னைக் கண்டு வியந்தது எனக்கு இனிதாயிருந்தது.

பழம் பறிக்கும் முறையை அவருடைய மகன் என் பிள்ளைகட்குக் காட்டினார். பழத்தைப் பற்றி இழுத்தலாகாது. உள்ளங்கையில் ஏந்தி, மேல்நோக்கிச் சற்றே திருப்பினால் முற்றிய பழம் தானே காம்போடு கையில் வரும். இழுத்தால் காம்பின் அடியில் உள்ள குட்டைக் கணுவும் பிய்ந்து வந்துவிடும். அக்கணுவில்தான் அடுத்த ஆண்டுப் பூ இருக்கின்றது. பலர் அறியாது இழுத்துவிடுகின்றனர் என்று அவர் சற்று வருத்தத்தோடு கூறினார். பழங்கள் கடைப்பழம் போன்று செக்கச்சிவந்தவை அல்ல. சிறியவை, பசுமையில் சிவப்புக் கீற்று ஓடியவை, புளிப்புத் தூக்கலானவை. என் இளைய மகள் ஒன்றைக் கடித்துவிட்டு முகஞ்சுளித்தாள், ஆயினும் விடவில்லை. ஆடி, ஆவணி மாதங்களே அங்குப் பருவம்.

தாமே பறித்துத் தாமே விலைகொடுக்கும் இம்முறை உலகுக்குப் புதிதன்று. அமெரிக்க நாட்டில் இரண்டாம் உலகப்போருக்குப் பின்னர், கூலியாள் கிடைத்தல் அரிதாகியபோது, சிறு தோட்டக்காரர் பலர் நகரமக்களைத் தோட்டத்துக்கே வரவழைத்தனர். சாவகத் தீவின் பத்து நகரில் ஆப்பிள் பறித்தலே சுற்றுலா. அங்குக் குளிர் இன்மையால், அறுவடையானதும் இலைகளைக் கையால் உருவி மரத்தைச் செயற்கையாய் உறங்கவைத்து ஆண்டுக்கு இருமுறை காய்க்கச் செய்கின்றனர். அங்கும் வெப்பம் ஏறி, மண் சோர்ந்து, தோட்டங்கள் குறைந்து வருகின்றன என்பர். காந்தளூர்க்காரர் செவியில் விழவேண்டிய செய்தி இது.

ஏனெனில் காந்தளூரிலும் ஆப்பிளைச் சந்தைக்கு அனுப்பிப் பிழைக்க இயலாது. விளைவு சிறிது, இமாசலத்துப் பழத்தோடு விலையில் போட்டியிட முடியாது. விருந்தினர் தேடிவந்து பறிப்பதாலேயே மரம் நிற்கின்றது. 2023 இல் நடுவண் அரசின் சுற்றுலாத் துறை சிறந்த சுற்றுலாச் சிற்றூர்களுள் பொற்பரிசுக்குக் காந்தளூரைத் தேர்ந்தது. அதனால் வருவோர் பெருகினர். விடுதி கட்டுவோரும் வருகின்றனர். நிலத்துக்கு அவர்கள் தரும் விலை ஆப்பிள் மரத்தால் பத்தாண்டிலும் வாராது என்று அந்த மகனே கூறினார். “வித்தவங்க அதே இடத்துல காவலாளி வேலை பாக்கறாங்க சார்” என்று அவர் சொன்னபோது, மூதாட்டி பேச்சை மாற்றிக் காப்பி கொண்டுவரப் போய்விட்டார்.

தண்ணீரும் ஒரு கவலை. காகிதத்துக்கும் விறகுக்குமென நட்ட கிராண்டிஸ் என்னும் யூகலிப்டஸ் மரங்கள் ஊற்றுகளை வற்றச் செய்தன என்பது அஞ்சுநாட்டாரின் நெடுநாள் முறையீடு. அங்குப் பாயும் பாம்பாறு கேரளத்தில் பிறந்து கிழக்கே ஓடும் மூன்று ஆறுகளுள் ஒன்று. சின்னாற்றுக் காட்டைக் கடந்து அமராவதியாகி உடுமலைச் சீமையை வளப்படுத்திக் காவிரியிற் கலக்கின்றது. காவிரி நடுவர் மன்றம் 2007 இல் கேரளத்துக்கு அளித்த 30 டி.எம்.சி. நீரில் 3 டி.எம்.சி. பாம்பாற்றுக்கு உரியது. அப்பங்கைக்கொண்டு காந்தளூர் வயல்களுக்கு நீர் தரவே பட்டிசேரி அணையைப் பெரிதாக்கும் பணி 2014 இல் தொடங்கப்பட்டது.

விடைபெறும்போது அவர் எனக்கு ஓர் ஒட்டுக்கன்றைக் காட்டினார். கோடைக்கானல் பக்கத்து உறவினர் தோட்டத்திலிருந்து கொணர்ந்த குச்சி, இரண்டு ஆண்டுகள் ஆயிற்று, இன்னும் காய்க்கவில்லை. அதனைத் தம் மகன் பிறந்த ஆண்டில் கட்டியதாகக் கூறினார். மறையூருக்கு இறங்கும் கடைசிப் பேருந்து வரும் வேளையாகிவிட்டதால், நாங்கள் பறித்த மூன்று கிலோ பழத்தையும் செய்தித்தாளிற் சுற்றிக்கொண்டு கிளம்பினோம்.