கால் நகம் தடித்துப் போச்சா? வீட்டில் என்ன செய்யலாம்? யார் செய்யக்கூடாது?

குலசை முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு மாலை போடுபவர்களில் பலர், விரதம் முடியும்வரை செருப்பு போடுவதில்லை. வேடம் கட்டி, ஊர் ஊராகக் காணிக்கை வாங்கி, கடற்கரையில் சூரசம்ஹாரம் பார்த்துத் திரும்புவதற்குள் பெருவிரல் எத்தனை கல்லில் இடித்திருக்கும்! அப்படி அடிபட்ட நகம் சில மாதம் கழித்து தடித்து, மஞ்சளாக வளரலாம்.

நகம் ஏன் தடிக்கிறது?

அடிபடுவது, இறுக்கமான ஷூ, வயது, சொரியாசிஸ் என பல காரணங்கள் உண்டு. முக்கியமானது பூஞ்சைத் தொற்று. நகம் மஞ்சளாகி, ஓரம் பொடிப்பொடியாக உதிர்ந்தால் பூஞ்சையாக இருக்கலாம்.

வீட்டில் என்ன செய்யலாம்?

* வெதுவெதுப்பான நீரில் 10 நிமிடம் காலை ஊற வையுங்கள். விரலிடுக்கு வரை ஈரம் போகத் துடையுங்கள்.
* நகத்தின் மேல்பகுதியை அரத்தால் லேசாக, ஒரே திசையில் தேயுங்கள். ஒரே நாளில் மெலிய வைக்க முயல வேண்டாம்.
* நேராக வெட்டுங்கள். ஓரத்தைத் தோண்டினால் நகம் சதைக்குள் வளரும்.
* மெடிக்கலில் கிடைக்கும் 40 சதவீத யூரியா க்ரீம் நகத்தை இளக்கும். நகத்தில் மட்டும் தடவுங்கள்.
* நகவெட்டி ஆளுக்கு ஒன்று. பூஞ்சை அதன் வழியாகவும் பரவும்.

மருதாணி, நெயில் பாலிஷ் நிறத்தை மறைக்கும், நோயைத் தீர்க்காது.

எவ்வளவு நாளாகும்?

கால் பெருவிரல் நகம் முழுசாக வளர 12 முதல் 18 மாதம் ஆகும். அதனால் பூஞ்சை அழிந்தாலும் பழைய நகம் உடனே மாறாது. பூஞ்சை மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் வாங்கிப் போடாதீங்க. சிலவற்றுக்கு கல்லீரல் பரிசோதனை தேவைப்படும்.

இவர்கள் வீட்டில் கை வைக்கவே கூடாது!

சுகர் இருப்பவர்கள், காலில் உணர்ச்சியோ ரத்த ஓட்டமோ குறைந்தவர்கள் மேலே சொன்ன எதையும் தாங்களே செய்யக்கூடாது. வெந்நீர் சுட்டாலும், பிளேடு கீறினாலும் தெரியாது. அந்தச் சின்ன காயம் புண்ணாகி, விரலையே எடுக்கும் நிலைக்குப் போகலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் பிரிவு உண்டு, அங்கே காட்டுங்கள்.

வலி, சீழ், வீக்கம், அடிபடாமலே நகத்தில் கருப்புக் கோடு இருந்தால் யாராக இருந்தாலும் தள்ளிப்போட வேண்டாம். சுகர் உள்ளவர்கள் மாலை போடும் முன்பே, செருப்பில்லாமல் நடக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டுவிடுவது நல்லது.