சான்றும் இசைவும்: கலைக்களஞ்சிய நெறிகள் வளர்ந்த வரலாறு

முன்னுரை

நம் இலக்கிய வட்டம் பத்தாம் ஆண்டு நிறைவு காணும் இவ்வேளையில், உறுப்பினர் சிலர் கட்டற்ற இணையக் கலைக்களஞ்சியமாகிய தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதத் தொடங்கியுள்ளனர். மகிழத்தக்க செய்தி இது. ஆயினும் அவர்களுள் பலர் மனக்குறையோடு ஒரு வினாவை எழுப்புகின்றனர்: ‘எவரும் எழுதலாம் என்று அழைத்துவிட்டு, எழுதியதை ஏன் நீக்குகின்றனர்? சேர்த்த படத்தை ஏன் எடுத்துவிடுகின்றனர்?’ விதிகளைப் பட்டியலிட்டுக் காட்டுவது எளிது. ஆனால் அவ்விதிகள் எக்காரணம் பற்றித் தோன்றின என்பதை அறியாதவரை அவற்றைக் கைக்கொள்ள மனம் ஒப்புவதில்லை. எனவே அவற்றின் வரலாற்றைச் சுருங்கக் கூறிப் புதிதாக எழுத வருவோர்க்கு வழிகாட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒருவர், குழுவினர், அனைவர்

தமிழில் அகர வரிசையில் பொருட்களஞ்சியம் தொகுக்கும் முயற்சி தனியொருவர் உழைப்பாகவே தொடங்கிற்று. யாழ்ப்பாணத்து ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை 1902இல் ‘அபிதான கோசம்’ வெளியிட்டார். சென்னையில் தமிழாசிரியராக விளங்கிய ஆ. சிங்காரவேலு முதலியார் பல்லாண்டுகள் பாடுபட்டுத் தொகுத்த ‘அபிதான சிந்தாமணி’, பாண்டித்துரைத் தேவரின் துணையால் மதுரைத் தமிழ்ச் சங்க வெளியீடாக 1910இல் வந்தது. அதன் விரிவான இரண்டாம் பதிப்பு, அவர் மறைவுக்குப் பின்னர் 1934இல் வெளிவந்தது. இத்தகைய நூல்களில் ஒரு செய்தி மெய்யா பொய்யா என்பதற்குப் பொறுப்பு அந்த ஒரு புலவரின் தலைமேல் இருந்தது. அவர் கற்றவர், ஆகவே நம்பினோம்.

அடுத்து வந்தது குழு முயற்சி. தி. சு. அவினாசிலிங்கம் அவர்களின் முயற்சியால் 1946இல் தோன்றிய தமிழ் வளர்ச்சிக் கழகம், ம. ப. பெரியசாமித் தூரன் அவர்களை முதன்மைப் பதிப்பாசிரியராகக் கொண்டு ‘கலைக்களஞ்சியம்’ உருவாக்கிற்று. முதல் தொகுதி 1954இலும், ஒன்பதாம் தொகுதி 1963இலும், இணைப்புத் தொகுதி 1968இலும் வெளிவந்தன. துறைதோறும் வல்லார் எழுதினர். பதிப்புக் குழுவினர் ஒப்புநோக்கினர். இங்குப் பொறுப்பு, குழுவின் புலமைக்கும் கழகத்தின் நற்பெயருக்கும் உரியதாயிற்று.

மூன்றாவது நிலை முற்றிலும் வேறானது. 2000ஆம் ஆண்டில் சிம்மி வேல்சு, லாரி சாங்கர் ஆகியோர் ‘நியூப்பீடியா’ என்னும் இணையக் கலைக்களஞ்சியத்தைத் தொடங்கினர். அதில் வல்லுநர் எழுதும் ஒவ்வொரு கட்டுரையும் ஏழு படிநிலைகளைக் கடக்க வேண்டும். முதலாண்டில் நிறைவெய்திய கட்டுரைகள் ஏறத்தாழ இருபதே. இத்தாமதத்தைப் போக்குவதற்கென 2001 சனவரி 15ஆம் நாள் தொடங்கப்பட்டதே விக்கிப்பீடியா. துணைமுயற்சியாக வந்தது முதன்முயற்சியை விழுங்கி வளர்ந்தது. தமிழ் விக்கிப்பீடியா 2003 செப்டம்பரில் தோன்றிற்று. அதன் தொடக்கக் காலத்தில் பெரும்பங்காற்றியவர் இலங்கைத் தமிழரான இ. மயூரநாதன் ஆவார். 2017இல் கட்டுரைகளின் எண்ணிக்கை ஒரு இலக்கத்தை எட்டியது.

இங்கு எழுதுபவர் யாரென எவர்க்கும் தெரியாது. பள்ளி மாணவரும் முனைவர் பட்டம் பெற்றவரும் ஒரே பக்கத்தைத் திருத்துகின்றனர். அவ்வாறாயின் மெய்ம்மைக்குப் பொறுப்பேற்பது யார்? எழுதுபவரின் தகுதியை அளக்க இயலாத இடத்தில், அவர் காட்டும் சான்றை மட்டுமே அளக்க இயலும். விக்கிப்பீடியாவின் உள்ளடக்க விதிகள் யாவும் இந்த ஒரு கருத்திலிருந்து கிளைத்தவையே.

நடுநிலையும் சான்றும்

உள்ளடக்க விதிகள் மூன்று. முதலாவது நடுநிலை நோக்கு. கருத்து வேறுபாடு உள்ள இடத்தில் ஒரு பக்கம் சாய்ந்து தீர்ப்புக் கூறாமல், இன்னார் இவ்வாறு கருதுவர் எனப் பெயர் சுட்டி உரைப்பதே அது. இது நமக்குப் புதிதன்று. நம் உரையாசிரியர்கள் தாம் ஒப்பாத கருத்தையும் மறைக்காமல், ‘என்பாரும் உளர்’ என எடுத்துக்காட்டியே மேற்செல்வர்.

இரண்டாவது மெய்யறிதன்மை. எழுதிய செய்தி உண்மையாயிருந்தால் மட்டும் போதாது. படிப்பவர் வேறொரு நம்பத்தக்க வெளியீட்டைப் புரட்டிச் சரிபார்க்கத்தக்கதாகவும் இருத்தல் வேண்டும். மூன்றாவது, சொந்த ஆய்வு கூடாது என்பது. கல்லூரி ஆசிரியர்க்கு இது சற்றே கசக்கும். ஒரு புலவரின் காலத்தைப் பற்றி நான் புதிதாக ஒரு முடிவுக்கு வந்தால், அதை முதலில் ஆய்விதழில் வெளியிட வேண்டும். கலைக்களஞ்சியத்தில் நேரே எழுதுதல் ஆகாது. கலைக்களஞ்சியம் கண்டறிந்து வெளியிடும் இடமன்று, வெளிவந்ததைத் தொகுக்கும் இடம்.

இவ்விதிகள் இறுகியதற்கு ஒரு கசப்பான நிகழ்ச்சியும் காரணம். 2005 மே மாதத்தில், அமெரிக்க இதழாளர் சான் சீகெந்தாலர் பற்றிய ஆங்கிலக் கட்டுரையில், கென்னடி கொலைகளில் அவருக்குத் தொடர்பிருக்கலாம் எனக் கருதப்பட்டதாக ஒருவர் பொய்யாக எழுதினார். ஏறத்தாழ நான்கு மாதம் அது திருத்தப்படாமல் நின்றது. இராபர்ட் கென்னடியிடம் பணியாற்றியவர் அவர். அப்பழி அவரை எவ்வளவு புண்படுத்தியிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. அவர் அதை வெளிப்படுத்தியபின், அவ்வாண்டு டிசம்பரிலேயே, ஆங்கில விக்கிப்பீடியாவில் பதிவு செய்யாதோர் புதுக்கட்டுரை தொடங்குவது நிறுத்தப்பட்டது. வாழும் மாந்தர் பற்றிய செய்திகளுக்கெனத் தனி நெறியும் வகுக்கப்பட்டது. வாழ்பவர் ஒருவரைப் பற்றிய சான்றில்லாத பழியை உடனே நீக்கலாம் என்பது அந்நெறியின் சாரம். ‘சான்று தேவை’ என்னும் சிறு குறிப்பைக் கண்டு சினங்கொள்வோர் இவ்வரலாற்றை நினைவிற் கொள்வாராக.

படமும் உரிமையும்

படங்களைப் பற்றிய விதிகள் இன்னும் கண்டிப்பானவை. அதற்குக் காரணம் விக்கிப்பீடியாவின் அடிப்படை உறுதிமொழி. அதிலுள்ளதை எவரும் படியெடுக்கலாம், மாற்றலாம், அச்சிட்டு விற்கவும் செய்யலாம். ஆக்கியோர் பெயரைச் சுட்ட வேண்டும், அதே உரிமத்தில் வழங்க வேண்டும். 2009 முதல் இது படைப்பாக்கப் பொதும உரிமத்தின்கீழ் நடைபெறுகிறது. ஊர்ப்புறப் பதிப்பாளர் ஒருவர் கட்டுரையை நூலாக்கி விற்றால், அதிலுள்ள படத்தின் பொருட்டு அவர்மேல் வழக்கு வருதல் கூடாது. எனவேதான் ‘விக்கிப்பீடியாவில் மட்டும் இடலாம்’, ‘வணிகமல்லாத பயனுக்கு மட்டும்’ என்னும் இசைவுகள் ஏற்கப்படுவதில்லை. 2004 செப்டம்பரில் தொடங்கிய விக்கிமீடியப் பொதுவகம், கட்டற்ற உரிமமுடைய படங்களை எல்லா மொழிகளுக்கும் பொதுவாகச் சேர்த்துவைக்கும் இடமாகும். இணையத்தில் தேடிக் கிடைத்த படம் இவ்வகையில் அடங்காது. பொதுவாகக் காணக் கிடைப்பது வேறு, பொதுவுரிமை உடையது வேறு.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957ஆம் ஆண்டினது. அதன்படி ஆசிரியர் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டுகளும் உரிமை நிலைக்கும். 1964இல் மறைந்த ஒருவரின் எழுத்துகள் 2025 சனவரி முதல் நாளில் பொதுவுடைமை ஆயின என்று கணக்கிட்டுக் கொள்ளலாம். அரசு நாட்டுடைமையாக்கிய நூல்கள் இதற்குப் புறம்பானவை. பாரதியார் படைப்புகளின் உரிமையைச் சென்னை மாகாண அரசு 1949இல் பெற்றுப் பின்னர் மக்களுக்கு உரிமையாக்கியதை நம் கவிஞர்கள் அறிவர். உரிமை நீங்காத கவிதையை முழுமையாகப் பெயர்த்தெழுதுதல் கூடாது. விளக்கத்திற்கு வேண்டிய ஓரிரு அடிகளை ஆசிரியர் பெயருடன் எடுத்தாளலாம். பொது இடத்தில் நிலையாக நிற்கும் சிலையைப் படமெடுத்து வெளியிடவும் சட்டம் இடந்தருகிறது. ஆகவே, கடற்கரைச் சாலையிலுள்ள புலவர் சிலைகளை நாமே எடுத்துச் சேர்க்கலாம்.

நிழற்படத்தில் பலரும் தடுமாறும் இடம் ஒன்றுண்டு. படத்தைக் கையில் வைத்திருப்பவர் அதன் உரிமையாளர் ஆகார். பொதுவாக எடுத்தவரே உரிமையாளர். ஆனால் ஒருவர் பணங்கொடுத்துத் தமக்கென எடுப்பித்த படமாயின், வேறு உடன்பாடு இல்லாதபோது, எடுப்பித்தவரே முதல் உரிமையாளர் என்று இந்தியச் சட்டம் கூறுகிறது. கவிஞர் ஒருவர் படநிலையத்திற்குச் சென்று எடுத்துக்கொண்ட படத்திற்கு இது பொருந்தும்.

வாழும் ஒருவரின் படம் எனில், உரிமையுள்ள படத்தை ‘நியாயமான பயன்பாடு’ என்று சொல்லிச் சேர்க்க இயலாது. யாரேனும் நேரிற்சென்று எடுத்து வழங்கக்கூடும் என்பதே காரணம். விக்கிமீடிய நிறுவனத்தின் 2007ஆம் ஆண்டுத் தீர்மானம் இதைத் தெளிவாக்கிற்று.

நான் கற்ற பாடம்

நம் வட்டத்தின் மூத்த கவிஞர் ஒருவர் மறைந்தபோது, அவரைப் பற்றிய என் முதற் கட்டுரையைத் துயரம் ஆறுமுன் எழுதினேன். ‘ஈடிணையற்ற’, ‘தமிழ்கூறு நல்லுலகம் போற்றும்’ என்னும் அடைகள் அதில் மலிந்திருந்தன. பிறந்த ஆண்டினை நினைவிலிருந்து எழுதினேன். அவர் தொகுப்பின் பின்னட்டையில் இருந்த படத்தைப் படியெடுத்து, என் சொந்தப் படம் என்று குறித்துச் சேர்த்துவிட்டேன். சில நாள்களில் படம் நீக்கப்பட்டது, அடைமொழிகள் களையப்பட்டன, பிறந்த ஆண்டின் அருகே சான்று கேட்டு ஒரு குறிப்பு நின்றது. அன்று எனக்கு வந்த சினம் சிறிதன்று. பின்னர் எண்ணிப் பார்த்தேன். என் மாணவி ஒருத்தி ஆய்வேட்டில் இம்மூன்றையும் செய்திருந்தால் நான் கையொப்பமிட்டிருப்பேனா?

சான்று தேடிப் புறப்பட்டபோதுதான் உண்மை நிலை விளங்கிற்று. அவர் நூல்களிலேயே பிறந்த ஆண்டு இருவேறாக அச்சிடப்பட்டிருந்தது. பின்னட்டைப் படத்தை எடுத்தவர் யார் எனப் பதிப்பாளர்க்கும் தெரியவில்லை, குடும்பத்தார்க்கும் தெரியவில்லை. இறுதியில் இதழ்களில் வந்த இரு மதிப்புரைகளும் ஓர் ஆய்வேடும் கிடைத்தன. நம் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் தம் கைபேசியில் எடுத்திருந்த படத்தை அவரே தம் பெயரில் கட்டற்ற உரிமத்தில் வழங்கினார். கட்டுரை இன்று சிறியதாக, அடைமொழி இன்றி நிற்கிறது. அதை எவரும் அசைக்கவில்லை.

வட்டத்தார்க்குச் சில வேண்டுகோள்கள்

புதிதாக எழுதுவோர் முதலில் மணல்தொட்டியில் பயில்க. பிறகு உள்ள கட்டுரைகளில் பிழை திருத்துக. அதன் பின்னரே புதுக்கட்டுரை தொடங்குக. நீக்கப்பட்டதை மீண்டும் மீண்டும் சேர்த்துப் பூசலிடாது, உரையாடல் பக்கத்தில் காரணம் கேட்க. தம்மைப் பற்றியும் தம் நூலைப் பற்றியும் தாமே எழுதுவதைத் தவிர்க்க. நம் மலர் நம்மைப் பற்றிக் கூறுவது தன்கூற்றே ஆதலால், ஒருவரது சிறப்பை நிறுவ அது போதாது. பிறர் எழுதிய மதிப்புரைகளும் ஆய்வுகளும் வேண்டும். ஆனால் பிறந்த நாள், நூல் வெளியான ஆண்டு போன்ற செய்திகளைப் பிழையின்றி அச்சிட்டு வைப்பதற்கு மலரே ஏற்ற இடம். அச்சிடும் ஒவ்வொரு படத்தின் அடியிலும் எடுத்தவர் பெயரும் நாளும் குறிக்கப்பட வேண்டும். படத்தை வழங்க விரும்பும் குடும்பத்தார், உரிமையாளர் என்ற நிலையில் தாமே எழுத்துமூலம் இசைவளிக்க வேண்டும். அவர் சார்பில் நாம் வாய்மொழியாக உறுதி கூறுதல் செல்லாது.

நிறைவுரை

1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், பல ஏடுகளை ஒப்பிட்டுப் பாடம் தேர்ந்தார். தம் பதிப்புகளில் ஏடு தந்து உதவியோரைப் பெயர் சொல்லி நன்றியுடன் குறித்தார். சான்றை ஒப்பிடுதலும் உரியவர் பெயரைச் சுட்டுதலும் இணையம் நமக்குக் கற்பித்தவை அல்ல. நாம் இடையில் நெகிழவிட்டவை. பாரதியாருக்குக் கிடைக்கும் நிழற்படங்களே விரல்விட்டு எண்ணத்தக்கன. நம் வட்டத்துக் கவிஞர்களைத் தேடி நாளை வரும் ஆய்வாளர்க்கு இருவேறு பிறந்த ஆண்டுகளையும் பெயரறியாப் படங்களையும் நாம் விட்டுச்செல்லுதல் ஆகாது. இப்பத்தாண்டு மலரின் படங்களுக்கு அடியிலேயே அப்பணி தொடங்குக. வட்டம் வாழ்க.