பாலை கடந்த துவிச்சக்கரவண்டி

செயற்கரிய செயலொன்றின் புகழ் முழுவதும் அதனைச் செய்து முடித்தவனுக்கே உரியதென எண்ணுதல் உலகியல்பு. மலையுச்சியை அடைந்தவன் பெயர் நூல்களில் நிலைபெறுகின்றது. வழி காட்டியவனும் சுமை தூக்கியவனும் மறக்கப்படுகின்றனர். அவுஸ்திரேலியாவின் பாலைநிலங்களைத் துவிச்சக்கரவண்டியிற் கடந்தோரின் வரலாறும் இதற்கு விலக்கன்று. தனியொருவன் தன் கால்வலி ஒன்றையே துணையாகக் கொண்டு பாலையை வென்றான் என்றே அவ்வரலாறு பெரிதும் சொல்லப்படுகின்றது. அத்தனிமை எத்துணை உண்மையானது என்பது ஆராயத்தக்கது.

மேற்கு அவுஸ்திரேலியாவின் கூல்கார்டி என்னுமிடத்தில் 1892ஆம் ஆண்டிற் பொன் கண்டுபிடிக்கப்பட்டது. பல திசைகளினின்றும் மக்கள் அங்கே குவிந்தனர். ஆனால் அந்நிலத்திற் பொன்னினும் அரியதாய் இருந்தது நீர். உப்பேரிகளின் நீரைக் காய்ச்சி வடித்து, உயர்ந்த விலைக்கு விற்றனர். மேற்குக் கரையோரத்திலிருந்து குழாய் வழியாக நன்னீர் வந்து சேர்ந்தது 1903ஆம் ஆண்டிலேயே. இத்தகைய நிலத்திற் குதிரையை வைத்திருத்தல் பெருஞ்செலவாயிற்று; அது நடந்தாலும் நின்றாலும் நாடோறும் நீரும் தீனியும் வேண்டும். துவிச்சக்கரவண்டிக்கோ இவை இரண்டும் வேண்டா. 1888ஆம் ஆண்டில் டன்லப் என்பார் காற்றடைத்த றப்பர்ச் சக்கரத்தை ஆக்கிய பின்னர், கரடான நிலத்திலும் அவ்வண்டியை ஓட்டுதல் இயல்வதாயிற்று. எனவே, தந்திக்கம்பி எட்டாத சுரங்கங்களுக்குக் கடிதங்களைக் கொண்டு செல்லும் தூதர் துவிச்சக்கரவண்டியிலேயே விரைந்தனர். விளையாட்டுக்காகவன்றிப் பிழைப்புக்காகவே அவ்வண்டி முதலிற் பாலையுட் புகுந்தது என்பது கருதத்தக்கது.

இக்காலத்தில் ஆதர் றிச்சாட்சன் என்பவர் 1896ஆம் ஆண்டு நவம்பர் 24ஆந் தேதி கூல்கார்டியிலிருந்து புறப்பட்டார். சிறு மூட்டையொன்றும் நீர்ப்பையொன்றுமே அவர் கொண்டு சென்றவை. மரமில்லாதது எனப் பொருள்படும் நல்லாபர் சமவெளியைக் கொடுங்கோடையிற் கடந்து, 31 நாட்களில் அடிலெயிட் நகரை அடைந்தார். அச்சமவெளி சுண்ணாம்புக் கல்லால் ஆனது. பெய்யும் சிறு மழையும் நிலத்துள் இறங்கிவிடுமாதலின் அங்கே ஆறு இல்லை. அடுத்த ஆண்டில் ஜெறோம் மியூறிவ் என்பவர் மார்ச் 10ஆந் தேதி அடிலெயிட்டை அடுத்த கடற்கரையிலிருந்து வடக்கு நோக்கிப் புறப்பட்டு, மே 21ஆந் தேதி டார்வின் துறைமுகத்தை அடைந்தார். தெற்கிலிருந்து வடக்காக அக்கண்டத்தைத் துவிச்சக்கரவண்டியிற் கடந்தவருள் அவரே முதல்வர். பின்னர் றிச்சாட்சன் 1899 ஜூன் முதல் 1900 பெப்ரவரி வரை ஏறக்குறைய 11,500 மைல் ஓடி, அக்கண்டத்தை ஒரு முறை வலம்வந்தார்.

இவர்தம் நெஞ்சுரத்தை எவரும் மறுக்கவியலாது. எனினும், இவர்கள் சென்ற வழி யாது? றிச்சாட்சன் 1877ஆம் ஆண்டில் நிறைவேறிய கிழக்கு மேற்குத் தந்திக்கம்பியை ஒட்டிச் சென்றார். மியூறிவ் 1872ஆம் ஆண்டில் நிறைவேறிய, ஏறக்குறைய 2,000 மைல் நீளமான பெருந்தந்தி வழியைப் பின்பற்றினார். தந்திக்கம்பம் திசை காட்டிற்று. இடைக்கிடை இருந்த தந்தி நிலையங்களில் மனிதரும் நீரும் உணவும் இருந்தன.

அந்நிலையங்களுக்கு உணவு சென்றது எங்ஙனம்? பெரும்பாலும் ஒட்டகங்களின் முதுகிலேயாம். 1866ஆம் ஆண்டில் தோமஸ் எல்டர் என்னும் செல்வர் நூற்றுக்கு மேற்பட்ட ஒட்டகங்களையும் அவற்றை நடத்துவோரையும் தென் அவுஸ்திரேலியாவில் இறக்குவித்தார். ஆப்கானிஸ்தானம், பலூசிஸ்தானம், சிந்து, பஞ்சாப் முதலிய நாட்டினரான இவ்வொட்டகக்காரரை அங்குள்ளோர் ‘ஆப்கானியர்’ என ஒரே பெயரால் அழைத்தனர். ஒட்டகத்தின் மெத்தென்ற பாதம் மண்ணைக் கிளறாது அழுத்துவது. ஒன்றன்பின் ஒன்றாக அவை நடந்த தடம், துவிச்சக்கரவண்டிக்கு ஏற்ற இறுகிய ஒற்றையடிப் பாதையாயிற்று.

அவ்வழிகள் யாவற்றுக்கும் மூலம் ஆதிக்குடிகளின் நீர்நிலைகளாகும். நடுப்பாலையிலுள்ள ஊற்றுக்களின் நிரையை அவர்கள் பன்னெடுங்காலம் அறிந்திருந்தனர். பிற்காலத்தார் வழிகள் அவ்வூற்றுக்களைத் தொடர்ந்தே அமைந்தன. ஆயிரத்துக்கு மேற்பட்ட மணல்வரைகள் நிரல்பட நிற்கும் சிம்சன் பாலைவனத்திலும், வாங்கங்குறு மக்கள் ஆழக் கிணறுகள் தோண்டி வாழ்ந்தனர். 1936ஆம் ஆண்டில் அப்பாலையைக் குறுக்கே கடந்த ஐரோப்பியருள் முதல்வரான தெட் கோல்சன், பீற்றர் எயின்ஸ் என்னும் ஆதிக்குடி மகனோடும் ஒட்டகங்களோடுமே சென்றார்.

இவர்களுக்குக் கிடைத்த கைம்மாறு யாது? 1901ஆம் ஆண்டின் குடிவரவுக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஆசியருக்கு வாயிலை அடைத்தது. 1903ஆம் ஆண்டின் சட்டம், ஆசியாவிற் பிறந்தோர் அந்நாட்டுக் குடியுரிமையை வேண்டி விண்ணப்பித்தலையே தடுத்தது. ஆதிக்குடிகளை மக்கட்டொகைக் கணக்கிற் சேர்த்தலாகாது என்று அரசியலமைப்பே விதித்தது. 1967ஆம் ஆண்டின் பொதுசன வாக்கெடுப்பே அவ்விதியை நீக்கிற்று. பாதை செய்தவரும் நீர் காட்டியவரும் அந்நாட்டின் கணக்கிலேயே இடம்பெறாது போயினர்.

பிழைப்புக்காகச் செய்த பயணம் பிற்காலத்திற் போட்டியாயிற்று. 1987ஆம் ஆண்டிலே தொடங்கிய சிம்சன் பாலைவனத் துவிச்சக்கரவண்டிப் போட்டியில், பேர்ணி ஊற்றிலிருந்து பேட்ஸ்வில் என்னும் சிற்றூர் வரை, ஐந்து நாட்களில் 500 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரத்தை வீரர் கடந்தனர். அகன்ற சக்கரங்கொண்ட மலை வண்டிகளும் மணல்வரைகளிற் புதைந்தன. பல இடங்களில் இறங்கித் தள்ளியே ஏறவேண்டியிருந்தது. ஆயினும், பேர்ணி ஊற்று 1960களில் எண்ணெய் தேடுவதற்காகத் துளைத்த துளையினின்றும் பிறந்தது. அப்பாலையின் வழிகளுட் பலவும் அத்தேட்டத்துக்காகவே வெட்டப்பட்டவை. நீரைத் துணை வண்டிகள் கொண்டு சென்றன. பின்தங்கியோரைக் கடைசியில் வந்த வண்டி ஏற்றிக்கொண்டது. இப்போட்டியிற் பிறர் துணை எவர் கண்ணுக்கும் வெளிப்படையாய் இருந்தது. முன்னோர் பயணங்களில் அது கண்ணுக்குப் புலப்படாதிருந்தது என்பதே வேறுபாடு.

இவ்வாறு கூறுதல் றிச்சாட்சன், மியூறிவ் ஆகியோரின் புகழைக் குறைப்பதாகாது. வெயிலும் தாகமும் அவர்தம் உடலே தாங்கியவை. அவற்றைப் பிறர் பங்கிட்டுக்கொள்ள இயலாது. புகழோ பங்கிடத்தக்கது. மணலிற் பதிந்த சக்கரத்தின் ஒற்றைச் சுவட்டை மட்டும் நோக்குவோர், ஒருவனே அப்பாலையைக் கடந்தான் என்பர். அச்சுவட்டின் கீழே ஒட்டகத்தின் அடியையும், அதற்கும் கீழே கிணறு தோண்டியவனின் அடியையும் காண்பவரே வரலாற்றை முழுமையாகக் கற்றவராவர்.