பூர்ஜ மரம் பிறந்த கதை

தெற்கே பனையோலையில் எழுத்தாணி ஓடிய காலத்தில், காஷ்மீரத்திலும் காந்தாரத்திலும் பூர்ஜ மரப்பட்டையில் மை தொட்டு எழுதினார்கள். 1881-இல் பெஷாவர் பக்கம் பக்ஷாலி என்ற ஊரில் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்த கணக்குச் சுவடி அப்படிப்பட்டதுதான். சுழியத்துக்குப் புள்ளி வைத்த பழைய ஏடு அது. ஏட்டைத் தந்த மரம் பிறக்கும் விதமோ வேடிக்கையானது.

இமயத்தில் 3,000 மீட்டருக்கு மேல், மற்ற மரங்கள் ஒவ்வொன்றாகப் பின்தங்கும் உயரத்தில் பூர்ஜம் நிற்கிறது. அதையும் தாண்டினால் புதரும் புல்லும் பாறையும் பனியும்தான். மழைக்காலம் ஓய்ந்ததும் அதன் கதிர்கள் பொடிந்து விதை உதிரும். இருபுறமும் மெல்லிய சவ்வுச் சிறகு. லேசாக ஊதினாலே பறந்துவிடும். குளிர்காலம் முழுக்கப் பனிக்கடியில் கிடந்து, பனி உருகும் ஈரத்தில் முளைவிடும்.

ஆனால் விதை கொண்டுவரும் கட்டுச்சோறு மிகச் சொற்பம். தடித்த இலைச்சருகின் மேல் விழுந்தால், வேர் மண்ணைத் தொடுமுன் காய்ந்து போகும். நிழலும் ஆகாது. அதனால் அடர்ந்த காட்டுக்குள் தாய்மரத்தின் காலடியில் பிள்ளை வளர்வது அரிது. மண் சரிந்த இடமும், பனிச்சரிவு வழித்துப் போட்ட வெற்று நிலமும்தான் அதற்குத் தொட்டில். மற்ற மரங்களுக்குச் சேதம், இதற்குப் பிறப்பு!

சரிவில் பிறந்ததற்குச் சரிவோடு வாழவும் தெரியும். பனியின் பாரத்தில் இளந்தண்டு ஒடியாமல் வளைந்து படுக்கும். வெயில் வந்ததும் நிமிரும். முதிர்ந்த மரத்தின் அடி வளைந்திருப்பது அதனால்தான். தண்டு முறிந்தாலும் அடியிலிருந்து துளிர்க்கும். பட்டையைப் பார்த்தால் வெளிர்நிறத்தில், தாள் தாளாக உரிந்து தொங்கும்; குறுக்கே ஓடும் பழுப்புக் கீற்றுகள் மரம் மூச்சுவிடும் துவாரங்கள்.

கங்கோத்ரியிலிருந்து கோமுகம் போகும் வழியில், சுமார் 3,800 மீட்டர் உயரத்தில் போஜ்பாசா இருக்கிறது. பூர்ஜத்தால் பெயர் பெற்ற அந்த இடத்திலேயே காடு விறகாகி அழிந்தது. மலையேற்ற வீராங்கனை ஹர்ஷ்வந்தி பிஷ்ட் 1989-இல் கங்கோத்ரியைக் காக்கும் பணியில் இறங்கி, நாற்றங்கால் போட்டு அங்கே மீண்டும் பூர்ஜக் கன்றுகளை நட்டார்.

பனிச்சரிவு ஒருமுறை முறித்துவிட்டு, பல ஆண்டுகள் விட்டுவைக்கும். அந்த இடைவெளியில் மரம் தேறிவிடும். கோடரி வெட்டிய இடத்தில் வரும் துளிரை ஆடும் கோவேறு கழுதையும் ஆண்டுதோறும் மேய்ந்தால் அந்த இடைவெளியே கிடைக்காது. நாற்று நடுவதோடு, மேயும் வாயிலிருந்து அதைக் காப்பதும் காடு வளர்ப்புதான்.